இரண்டு கிற்றாரும் ஒரு காதும்

எரியும் கப்பல் படம் போட்ட அந்த இசைத்தட்டை நான் நான்கு விதமாகக் கேட்டிருக்கிறேன். முதலில் வந்த சீடி, அதைத் துலக்கி வெளியிட்ட ரீமாஸ்டர், சில வருடம் கழித்து மறுபடியும் துலக்கிய இன்னொரு ரீமாஸ்டர், கடைசியாக என் கையால் நானே கெடுத்தது. எது நல்ல ஒலி என்று யாராவது கேட்டால், கேட்கிறவருக்கு எத்தனை காது என்று நான் திருப்பிக் கேட்பேன். பகிடிக்காகச் சொல்லவில்லை.

நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது யுத்தத்தால் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். திறந்தபோது நான் போகவில்லை. செங்கல் சூளை, லொறி, மீன்வாடி என்று கொஞ்சக் காலம் திரிந்துவிட்டு, செங்கலடிச் சந்தியில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற ஒரு ரெக்கோடிங் பாரில் வேலைக்கு நின்றேன். அந்த நாளில் சனங்கள் வெறுங் கசெற்றையும், வேண்டிய பாட்டுகளை எழுதிய துண்டையும் தந்துவிட்டுப் போவார்கள். நாங்கள் பதிந்து வைப்போம். பெரும்பாலும் சினிமாப் பாட்டு, இல்லையென்றால் சாமிப் பாட்டு.

ஒருநாள் என் வயதுடைய ஒருவன் எரியும் கப்பல் தட்டைக் கொண்டுவந்தான். பழுகாமத்து ஆள். வந்தாறுமூலையில் கம்பஸ் வாசலுக்கு முன்னால் ஒரு தேத்தண்ணிக் கடையில் வேலை. காய்ச்சலில் கிடந்த மாணவன் ஒருவனுக்கு ஒரு கிழமையாக அறைக்கே தேநீரும் பணிசும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். படிப்பு முடிந்து போகும்போது அந்த மாணவன் இந்தத் தட்டையும் பழைய வோக்மன் ஒன்றையும் இவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். தட்டை ஓட்ட இவனிடம் மெசின் இல்லை. கசெற்றில் பதிய வேண்டும்.

கடையில் போட்டோம். மேளமும் கிற்றார்களும் ஒன்றாக இறங்கியதும் முதலாளி கணக்குக் கொப்பியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என்னடா இது? அரிசி மில்லுக்குள்ள ஆட்டப் புடிச்சு விட்ட மாதிரிக் கத்துது."

"இதுதான் ஹெவி மெட்டல் முதலாளி," என்றான் அவன், தானே கண்டுபிடித்ததுபோல.

"கனமான இரும்பா? எடுத்துக்கொண்டுபோய்ப் பழைய இரும்புக்காரனிட்டப் போடு."

எனக்கு அது முதல் தடவையிலேயே பிடித்தது என்று சொன்னால் பொய். மூன்றாவது பாட்டில்தான் பிடித்தது. அது சத்தமாகத் தொடங்காது. ஒருவன் கிற்றாரை மெதுவாக, ஒவ்வொரு கம்பியாகத் தொடுவான். அப்போது இடது பக்கத்தில், எங்கேயோ, ஒரு கதிரை முனகும். வாசிக்கிறவன் இருந்த நாற்காலிதான். அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு பெரிய இரும்புச் சத்தம் போடுகிற ஆளும் ஆடுகிற கதிரை ஒன்றில்தான் இருக்கிறான்.

பிறகு இரண்டு கிற்றார்கள் பேசத் தொடங்கும். இடப்பக்கத்தில் ஒன்று கேட்கும், வலப்பக்கத்தில் மற்றது பதில் சொல்லும். அதை எனக்கு விளங்கப்படுத்தியவனும் அவன்தான். அவர்கள் ஊரில் வருசந்தோறும் கூத்து ஆடுவார்கள்.

"களரியில ஒருத்தன் பாட மத்தவன் வாங்கிப் பாடுறான்தானே? அதேதான் மச்சான். இந்தப் பக்கத்தான் குடுக்கான், அந்தப் பக்கத்தான் வாங்கிறான். ஒருத்தன் இல்லாட்டி மத்தவன் தனியக் கதைக்கிற விசரன்."

அன்று முதல் மச்சான்.

பதிவதில்தான் நான் பிழை விட்டேன். தட்டு ஓடும் மெசினிலிருந்து கசெற் மெசினுக்குப் போகிற வயரை எலி கடித்திருந்தது. உள்ளே இடப்பக்கத்துக்கு ஒரு கம்பி, வலப்பக்கத்துக்கு ஒரு கம்பி. எனக்கு அது தெரியாது. எல்லாமே பாட்டைத்தானே கொண்டுபோகின்றன, சேர்ந்தே போகட்டும், பலமாகவும் இருக்கும் என்று இரண்டையும் ஒன்றாக முறுக்கி ஈயத்தால் பற்றவைத்துவிட்டேன். பல மாதங்களாகச் செங்கலடிக்கு நான் பதிந்து கொடுத்ததெல்லாம் அப்படித்தான். யாரும் குறை சொல்லவில்லை. எல்லோருடைய வீட்டு ரேடியோவிலும் ஒரே ஒரு ஸ்பீக்கர்.

வோக்மன் வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். அடுத்த நாளே வந்து நின்றான்.

"டேய், ரெண்டு பேரையும் ஒரே பாய்ல படுக்கப் போட்டிருக்காயடா! ஆரு குடுக்கான் ஆரு வாங்கிறான் எண்டு தெரியல்ல. கஞ்சி மாதிரிக் கிடக்கு."

"கஞ்சி உடம்புக்கு நல்லம்தானே."

"உன்ட உடம்புக்குக் குடு. எனக்குச் சோறு வேணும்."

அவன் சொல்லித்தான் வயரைப் பிரித்துச் சரியாகப் பற்றவைத்தேன். ஆனால் மறுபடி பதிய முதலாளி மறுபடி காசு கேட்டார், அவனிடம் இல்லை. அதனால் 'கஞ்சிக் கசெற்' பழுகாமத்துக்குப் போய்விட்டது. அங்கே அப்போது கரண்ட் இல்லை, சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பற்றரி கொண்டுபோகவும் விடமாட்டார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் ரேடியோக் கசெற்றை ஓட்டுவான். கை களைத்தால் பாட்டும் களைக்கும். நான் போகிற நாட்களில் மாறிமாறிச் சுற்றுவோம். ஹெவி மெட்டல் இவ்வளவு உடம்பு நோகக் கேட்கிற இசை என்று அதைப் பாடினவர்களுக்கே தெரிந்திருக்காது.

ரெக்கோடிங் பாரில் ஒரு வருடத்துக்கு மேல் நான் நிற்கவில்லை. ஒரே இடத்தில் நிற்க எனக்கு வராது. நாலைந்து வருடம் வேறு வேலைகளில் திரிந்த பிறகு நாவலடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற அந்த மணல் துண்டில், கரைவலை இழுக்கப் போனேன். ஒரு கத்தோலிக்கக் குடும்பம் தங்கள் வீட்டுப் பத்தியில், சுவரோடு இறக்கிய சாய்ப்பில், எனக்கு இடம் தந்தது. புருசன், பெண்சாதி, இரண்டு பெண் பிள்ளைகள். சின்னவளுக்கு என் ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டு திரிவது விருப்பம். வயர் எதிலும் செருகியிருக்காது. சும்மா மாட்டிக்கொண்டு தலையாட்டுவாள்.

அந்த வருடக் கடைசியில் கொழும்பிலிருந்து வந்த ஒருவனிடம் அதே எரியும் கப்பலின் ரீமாஸ்டர் ஒன்றும், கையில் பிடிக்கிற சீடி பிளேயர் ஒன்றும் வாங்கினேன். அட்டையில் தங்க நிற எழுத்து. நத்தார், கிறிஸ்து பிறந்த நாள் என்பதால் அன்று வலை இழுக்கவில்லை. தட்டையும் பிளேயரையும் எடுத்துக்கொண்டு பழுகாமத்துக்கு பஸ் ஏறினேன். பின்னேரமே திரும்புவதாகத்தான் நினைத்திருந்தேன்.

அவனுடைய பழைய தட்டையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டோம். புதியதில் சிம்பல் பளபளவென்று இருந்தது, பேஸ் கிற்றார் நெஞ்சில் வந்து இடித்தது. எனக்கு நல்ல சந்தோசம். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு மூன்றாவது பாட்டின் தொடக்கத்தையே திரும்பத் திரும்பப் போட்டான்.

"கதிர எங்க?"

நானும் கேட்டேன். கதிரை இல்லை. பழைய தட்டில் பின்னால் ஒரு மெல்லிய இரைச்சல் இருக்கும், மழை தூரத்தில் வருவது மாதிரி. அதைத் துடைத்தெடுக்கும்போது கதிரையையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள்.

"வட்டைக்குள்ள களை புடுங்குறன் எண்டு இறங்கி நெல்லயும் புடுங்கிட்டானுகள்," என்றான்.

"மத்ததெல்லாம் நல்லாத்தானே இரிக்கு. கதிரைக்காகவா பாட்டுக் கேக்கிறாய்?"

"பின்ன? ஆள் இரிக்கிற சத்தம் அதுதானே மச்சான்."

நான் புதியதற்காக வாதாடினேன். அவன் பழையதற்காக வாதாடினான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தபோது என் சட்டையைப் பிடித்து இருத்தினான்.

"நாளைக்கு விடிய இன்னொருக்காக் கேட்டுட்டுப் போ. ஒருக்காக் கேட்டுட்டு ஒரு தட்டப் பத்திக் கதைக்கப்படாது."

அதனால் நின்றேன். மறுநாள் காலை நாங்கள் மூன்றாவது பாட்டில் இருந்தபோது கடல் நாவலடியின் மேலால் வந்து வாவிக்குள் இறங்கியது. பழுகாமத்தில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பஸ் ஓடாததால்தான் விசாரித்தோம்.

இரண்டு நாள் கழித்துத்தான் அங்கே போக முடிந்தது. அவனும் கூட வந்தான். வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் இருந்தது. அந்தக் குடும்பத்தில் ஒருவரும் இல்லை. பிறகு பெரியவளின் உடலை மட்டும் எடுத்தார்கள். என்னிடம் உடுத்திருந்த சாரமும் சட்டையும், ஒரு பிளேயரும், தங்க எழுத்துத் தட்டும் மிச்சம். ஹெட்போன் அங்கேயே போய்விட்டது. பிளேயரோடு வந்த சின்ன இயர்போன் இருந்ததால் நான் ஹெட்போனை எடுத்துக்கொண்டு வரவில்லை. அதைச் சின்னவளிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

சாகாமல் இருந்ததற்கு அழுவதா என்று தெரியாமல் கிணற்றுக் கட்டில் இருந்தேன். அவனும் பக்கத்தில் வந்து இருந்தான். திரும்பி வந்தபிறகு தன் பழைய தட்டை எடுத்து என் கையில் வைத்தான்.

"நல்லத நீ வெச்சிக்க. அந்த மினுக்கினத எனக்குத் தா. எனக்கு அது போதும்."

மாற்றிக்கொண்டோம். அந்தத் தட்டோடுதான் நான் கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போனேன்.

நான் கொழும்பில் இருந்த காலத்தில் வாவிக்கு மேற்கே, பழுகாமம் இருக்கிற படுவான்கரையில் ஷெல் விழத் தொடங்கியது. அவன் கலியாணம் முடித்து மூன்று மாதம். சனங்களோடு சேர்ந்து வரப்பு வழியாக நடந்து போகும்போது ஒன்று பக்கத்திலேயே விழுந்திருக்கிறது. இடது பக்கத்துக் காதிலிருந்து இரத்தம் வந்தது, பிறகு நின்றுவிட்டது, ஆள் நடந்துதான் முகாமுக்குப் போனான் என்று கேள்விப்பட்டேன். நடந்தான் என்றதும் நான் ஆறுதலாகிவிட்டேன். கஞ்சிக் கசெற், மினுக்கின தட்டு, சைக்கிள் எல்லாம் விட்ட வீட்டோடு போயின. நான் கட்டாருக்குப் போனேன்.

யுத்தம் முழுதாக முடிந்த பிறகுதான் திரும்பினேன். பெட்டியில் எரியும் கப்பலின் மூன்று தட்டுகள். அவனுடைய பழையது, தங்க எழுத்து ரீமாஸ்டர் மறுபடி வாங்கியது, அங்கே கடையில் கண்ட மிகப் புதிய ரீமாஸ்டர். அதோடு நல்ல பெரிய ஹெட்போன் ஒன்று. மூன்றையும் வைத்து ஒரு பகல் முழுக்கச் சண்டை பிடிக்கலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

பழுகாமத்தில் அவர்கள் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் அப்படியே பத்துப் பன்னிரண்டு. அவன் வட்டைக்குப் போயிருந்தான். பெண்சாதி தேநீர் தந்துவிட்டு, நான் தட்டுகளை எடுத்து வைப்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ண, இதெல்லாம் அவருக்கா?"

"ஓம் தங்கச்சி. வேற ஆருக்கு?"

"அவரு இப்பப் பாட்டுக் கேக்கிறல்ல. ஒரு காது செத்துப்போச்சு அண்ண, இடது காது. ஆருக்கும் சொல்ல மாட்டாரு. நான் இடப்பக்கமா நிண்டு கதைச்சா, கேட்ட மாதிரித் தலையாட்டுவாரு. முகாமில ஒரு பெடியன் ரேடியோவில இயர்போன் குடுத்தான். போட்டுக் கேட்டுட்டுக் கழட்டிக் குடுத்துட்டாரு. அண்டைக்கு வெச்சதுதான், மறுகா தொட்டதே இல்ல." கொஞ்சம் நின்று, "நீங்க தெரியாத மாதிரியே இரிங்க. ஆனா இந்தப் பாட்டையாவது அவருக்குக் கேக்கப் பண்ணுங்க," என்றாள்.

அவன் வந்தான். மெலிந்திருந்தான். கட்டிப்பிடித்துவிட்டு எனக்கு வலப்பக்கம் வராமல் இடப்பக்கமாகப் போய் இருந்தான், வலது காது என்னைப் பார்க்க. தட்டுகளைக் கண்டதும் முகம் மாறியது. வேண்டாம் என்று சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஹெட்போனை வாங்கி மாட்டினான்.

மிகப் புதியதை முதலில் போட்டேன். அதில் எல்லாவற்றையும் கூரை முட்ட ஏற்றி வைத்திருந்தார்கள். மெதுவான தொடக்கமும் கத்துகிற இடமும் ஒரே உயரம். மேளம் அடித்த பிறகு தோல் அடங்கும் நேரமே இல்லை.

"எல்லாரும் ஒண்டாக் கத்தினா ஆருட கத்தலும் கேக்காது," என்றான். "மத்தது, ஒரு கிற்றாரத் திண்டுட்டானுகள்."

தங்க எழுத்தைப் போட்டேன்.

"இதுலயும் இல்ல. வாங்கிறவன் மட்டும்தான் நிக்கான். குடுக்கிறவனக் காணல்ல."

பதில் மட்டும் கேட்கிறது, கேள்வி இல்லை. கேள்வி வருவது இடது காதுக்குள். "ஓம், இந்த ரீமாஸ்டர்காரனுகள் அப்பிடித்தான்," என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இருக்கவில்லை.

இதை வாசிக்கிற யாராவது, ஸ்பீக்கரில் போட்டிருந்தால் இரண்டு பக்கத்துச் சத்தமும் ஒரு காதுக்கே போயிருக்குமே என்று சொல்வார்கள். இப்போது எனக்கும் தெரியும். அன்று ஸ்பீக்கர் இல்லை. இருந்திருந்தாலும், அடுத்த கொட்டிலில் கைப்பிள்ளை இருக்கும்போது, சத்தத்துக்குத் திடுக்கிட்டு எழும்புகிற சனங்களுக்கு நடுவே, அந்தப் பாட்டை யார் திறந்து போடுவார்கள்?

பிறகு அவனுடைய தட்டையே போட்டேன். மூன்றாவது பாட்டு. அவன் கண்ணை மூடிக்கொண்டு இருந்தான். முடியும்வரை கேட்டான். ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினான்.

"நீ கேளு."

பிளேயரில் சின்னக் கண்ணாடி ஒன்று, அதில் நொடிகள் ஓடும். அவன் ஒரு கண்ணால் அதையும் ஒரு கண்ணால் என்னையும் பார்த்துக்கொண்டிருந்தான். கிற்றார் மெதுவாகத் தொடங்கியது. இரைச்சல், தூரத்து மழை. இடது பக்கத்தில் கதிரை முனகியது, அதே இடத்தில், அதே மாதிரி. பிறகு கேள்வியும் வந்தது, பதிலும் வந்தது.

ஹெட்போனைக் கழற்றினேன்.

"கதிர கேட்டிச்சா?"

"இல்ல மச்சான். தட்டுப் பழசாப் போச்சு. கீறல் விழுந்திட்டு போல."

"பொய்."

"உண்மையாத்தான்."

"கதிர கத்துற இடத்துல நீ எப்பவும் சிரிப்பாய். இப்பவும் சிரிச்சாய்."

நான் தட்டை நிறுத்தினேன். அவன் தன் இடது காதை உள்ளங்கையால் மூடினான். மூடின கையை எடுத்தான். மறுபடி மூடினான்.

"ரெண்டும் ஒண்டுதான் மச்சான். மூடினாலும் ஒண்டு, திறந்தாலும் ஒண்டு. தட்டுல ஒரு பிழையும் இல்ல. எனக்கு அது முகாமிலயே தெரியும். நீ மூணு தட்டு கொண்டுவந்ததும் ஒரு ஆசை வந்திட்டு, காதுல இல்ல, தட்டுலதான் பிழை எண்டு இரிக்கப்படாதா எண்டு." பிறகு பெண்சாதி பக்கம் திரும்பி, "நீ சொல்லிட்டாய்தானே?" என்றான்.

"ஓம், சொன்னன்," என்றாள் அவள். "உங்களுக்குத்தான் கேக்காது. எனக்கு வாய் இரிக்கு."

அவன் சிரித்தான். ஆனால் தட்டுகளை அடுக்கி என் பையில் வைத்தான், பழையதையும் சேர்த்து. "நீ கொண்டு போ. உனக்கு ரெண்டு காதும் இரிக்கு," என்றான். நாவலடியிலிருந்து வந்த அன்று பழைய தட்டைத் தந்தபோது இருந்த முகம் இல்லை இது. அன்று அவன் கொடுத்தான். இன்று கைவிட்டான்.

நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை போனேன். அங்கே நிற்கும்போதுதான், எதையும் தேடாமலே, ரெக்கோடிங் பாரின் எலி கடித்த வயர் நினைவுக்கு வந்தது. குடுக்கிறவனையும் வாங்கிறவனையும் ஒரே பாயில் போட்டேன் என்று இவன் ஏசினானே. ஒரே பாயில் கிடந்தால் ஒரு காதுக்குள்ளேயே இரண்டு பேரும் வருவார்கள்.

சந்தியில் ரேடியோ திருத்துகிற கடையில் ஈயம் பற்றவைக்கிற இரும்பை இரவல் கேட்டேன். கடைக்காரர் ஹெட்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல சாமான் தம்பி. என்ன பழுது?"

"பழுது இல்ல அண்ண. இனித்தான் பழுதாக்கப்போறன்."

வயரை நடுவில் வெட்டினேன். இடத்துக்கொன்றும் வலத்துக்கொன்றும் போகிற இரண்டு கம்பிகளையும் உரித்தேன். செங்கலடியில் விட்ட அதே பிழையை, இந்த முறை தெரிந்தே, அழகாக முறுக்கிப் பற்றவைத்தேன். கடைக்காரர் நெற்றியில் கை வைத்தார்.

திரும்பிப் போனபோது அவன் வாசலில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தான்.

"பஸ் இல்லையா?"

"இரிக்கு. இத மாட்டு."

"திரும்பவும் என்னத்துக்கடா?"

"ஒருக்காக் கேட்டுட்டு ஒரு தட்டப் பத்திக் கதைக்கப்படாது. ஆரோ ஒரு விசரன் சொன்னவன்."

ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு மாட்டினான். பழைய தட்டு, மூன்றாவது பாட்டு. நான் கண்ணாடியில் நொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நொடி வந்தது. அவன் கழுத்து மெல்ல நிமிர்ந்தது, தனக்குப் பின்னால் யாரோ கதிரையில் வந்து இருந்த மாதிரி. திரும்பியும் பார்த்தான்.

பிறகு அசையாமல் இருந்தான். கேள்வி பதில் தொடங்கும் இடத்தில் அவன் வலது கை முழங்காலில் தட்டியது, கொடுக்கும்போது ஒரு தட்டு, வாங்கும்போது ஒரு தட்டு. கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, அவன் அதைத் துடைக்கவில்லை. பெண்சாதி அடுப்படியிலிருந்து வந்து அவனுக்கு வலப்பக்கமாக நின்றாள்.

பாட்டு முடிந்ததும் ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தூக்கினான்.

"கஞ்சி," என்றான்.

"ஓம். கஞ்சிதான்."

"அதே கஞ்சி. அந்த எலி கடிச்ச கஞ்சி." மூக்கை உறிஞ்சினான். "மத்த ரெண்டையும் எடு வெளிய. எவன் எவ்வளவு கெடுத்திரிக்கான் எண்டு இப்பப் பாப்பம்."

"பஸ் போயிடும் மச்சான்."

"நாளைக்குப் போகலாம்," என்று சொல்லிவிட்டுத் தங்க எழுத்துத் தட்டை அவனே பிளேயருக்குள் வைத்தான்.